இரும்பைக் குறைத்தால்

கேகாலை இறப்பர்த் தோட்டங்களில் இஞ்சின் பார்த்துப் பழகியவனுக்குப் பாரம் ஒரு குறையே அல்ல. பழைய லிஸ்டர் சி.எஸ். டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சிலிண்டர், 1.4 லீட்டர், நிமிடத்துக்கு 650 சுற்று, 6 குதிரைவலு. இரண்டு பக்கமும் பெரிய பிளைவீல். கொங்கிறீட்டில் இறுக்கிவிட்டால் தகப்பன் ஸ்டார்ட் பண்ணியதை மகனும் ஸ்டார்ட் பண்ணலாம்.

சிறு விமானங்களில் பூட்டும் ரோட்டக்ஸ் 912 அதைவிடச் சிறியது, 1.2 லீட்டர்தான். ஆனால் 80 குதிரைவலு. எடை 60 கிலோவை ஒட்டி. பாதிக் காரணம் வேகம்: 5,800 சுற்று. அதே வேகத்தில் விசிறியைச் சுழற்றினால் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி இழுவை வீணாகும் என்பதால் நடுவே கியர் வைத்துக் குறைக்கிறார்கள்.

வேகத்தைக் கூட்டுவது பெரிய வித்தையல்ல. சூடுதான் ஆளைத் தின்னும். தடித்த இரும்பு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். மெலிந்த அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் ரோட்டக்ஸில் சிலிண்டருக்குக் காற்று, ஹெட்டுக்குத் தண்ணீர். எங்கள் புல் வெட்டும் மெசினில் பிஸ்டன் இறுகுவதும் இதே கதை: ஒயில் குறைந்த கலவை, முழு த்ரொட்டில், உச்சி வெயில். தரையில் என்றால் மெசினை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடலாம். மேலே அது முடியாது. ஆகவே சிலிண்டருக்கு இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு இக்னிஷன்.

ரைட் சகோதரர்களுக்கு 1903இல் இஞ்சின் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர். ஆறே கிழமையில் செய்தார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சோதனை ஓட்டத்தில் பேரிங் இறுகி, அலுமினிய வார்ப்பு உடைந்து, புதிதாக வார்க்க வேண்டி வந்ததுதான் எனக்கு முக்கியம். இஞ்சினை உருவாக்குவது என்றால் பெரும்பாலும் ஓட்டி உடைத்துப் பார்ப்பதுதான். இன்றும் அமெரிக்க விதிப்படி விமானப் பிஸ்டன் இஞ்சின் 150 மணி நேரச் சோதனை ஓட்டத்தைத் தாங்கியாக வேண்டும்.

இரத்தினபுரி போன்ற ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை. பெற்றோல் ஆவியாகும்போது காபரேட்டர் தொண்டை குளிரும். வெளியே 25 பாகை இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி பிடிக்கலாம், அதுவும் த்ரொட்டிலைக் குறைத்து இறங்கும் நேரத்தில்.

நம் நாட்டிலேயே ரே விஜேவர்தன (1924–2010) லேண்ட்மாஸ்டர் இரு சக்கர உழவு இயந்திரத்தையும் வடிவமைத்தார், சொந்தமாகச் சிறு விமானங்களும் கட்டிப் பறந்தார். வயலும் வானமும் அவருக்கு ஒரே பட்டறைதான்.

இஞ்சின் வேலையில் ஆசையுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் புல் வெட்டும் மெசினிலேயே தொடங்கலாம். முழு லோடில் ஓட்டி, சட்டென்று நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை, கறுத்திருந்தால் கூடிவிட்டது.