தொப்பூர் இறக்கமும் நியூட்ரலும்

பொங்கலூரில் உட்கார்ந்துவிட்டாலும் முப்பது வருடம் லாரி ஓட்டிய கால் இது. வடக்கேயிருந்து நம்ம பக்கத்து மில்களுக்குப் பஞ்சு பேல் ஏற்றி வரும்போது, தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் என்று அங்கே நியூட்ரலில் உருட்டி வருபவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அதில் மிச்சமே இல்லைங்க. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பம்பு டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஓட டீசல் வேண்டும். மொத்தப் பாரமும் பிரேக் டிரம் தலையில். டிரம் காய்ந்துபோனால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. எங்களோடு ஓட்டிய ஒருவர் அப்படித்தான் போனார். பேல்களை அகற்றிக் கேபினைப் பார்த்தபோது கியர் நியூட்ரலில் இருந்தது.

டீசல் எஞ்சின் தானாக அதிகம் இழுத்துப் பிடிக்காது என்பதும் உண்மை. பிஸ்டன் அழுத்திய காற்றே ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளிவிடும். அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். சைலன்சருக்குப் போகும் குழாயை ஒரு தட்டு மூடும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் பிஸ்டனை எதிர்க்கும், வண்டி அடங்கும். அமெரிக்காவில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் வேறு வழி கண்டார்: அழுத்திய காற்றை வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுவது. 1931-இல் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், ரயிலில் மோதாமல் தப்பியவர் அவர்.

இப்போது தங்கச்சி மகன் லாரி ஓட்டுகிறான். முதலாளி டீசல் கணக்குக் கேட்டால் இதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.