பிடியரிசி

நானுஓயாவில் நெல் விளையாது. 1,600 மீட்டர் உயரம், விடிய விடியப் பனி, கண்ணுக்கெட்டிய சரிவெல்லாம் தேயிலை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான எங்கள் லயத்துப் பிள்ளைகளில் ஒருவர்கூட நெற்கதிரைப் பார்த்ததில்லை. அரிசி எங்களுக்கு ரயிலில் வந்தது. 1885-இல் இந்த ஊருக்கு ரயில் பாதை போட்ட நாளிலிருந்து தேயிலை கீழே இறங்கிக்கொண்டும் அரிசி மேலே ஏறிக்கொண்டும் இருந்தன.

அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கு வருஷம் சொல்லத் தெரியாது. காலத்தை அரிசியை வைத்துத்தான் சொல்லும். அது வாக்கப்பட்டு இந்த லயத்துக்கு வந்தது பர்மா அரிசிக் காலம். 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய், அரிசிக்கு அளவு வைத்த பிறகு வந்தது கூப்பன் காலம். 1952-இல் றப்பரைக் கொடுத்து அரிசி வாங்க இலங்கை சீனாவோடு ஒப்பந்தம் போட்டது. அப்பாயிக்கு அது சீனா அரிசிக் காலம். நான் பிறந்த வருஷத்தைக் கேட்டாலும், "சீனா அரிசி வந்துக்கிட்டிருந்திச்சி, மழ வுடாம பேஞ்சிச்சி" என்றுதான் பதில் வரும்.

காலையில் ரொட்டிதான். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கல்லில் கனமாகத் தட்டிச் சுட்டு, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பலோடு தின்றுவிட்டு அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். பகலுக்கும் அதே ரொட்டி, சாயத் தேத்தண்ணி. சோறு என்பது எங்கள் காம்பராவில் இராத்திரிச் சங்கதி. அப்பாவும் அம்மாவும் அப்பாயியும் நாங்களும் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு வேளைதான்.

அதற்கான வேலை பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா வரும்போது தலையில் மிலாறு விறகுக் கட்டு இருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கியது. அது சட்டென்று பிடிக்காது. புகைந்து, கண்ணைக் கரித்து, பிறகுதான் எரியும். அதற்குள் நானும் அக்காவும் இஸ்தோப்பில் குப்பி லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு கல் பொறுக்க உட்காருவோம். கூப்பன் அரிசியில் என்னதான் இல்லை! வெள்ளைக் கல், கறுப்புக் கல், உமி, நெல், வண்டு, சாக்குத் தும்பு. வெள்ளைக் கல்தான் மோசம், அரிசியோடு அரிசியாகக் கிடக்கும். அப்பாயி சுளகை ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் புடைக்கும். உமி முன்னால் பறக்கும், குருணை ஒரு மூலைக்கு ஒதுங்கும், முழு அரிசி நடுவில் குவியும். அந்த ஆட்டம் எனக்கு இன்றுவரை கைவரவில்லை. பொறுக்கும்போது ஓர் அரிசி மண்ணில் விழுந்தாலும் அப்பாயி லாம்பைத் தூக்கிக்கொண்டு தேடும்.

உலை கொதிக்கும், அரிசி வேகாது. இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்கே கொதித்துவிடும் என்பதைப் பின்னால் விஞ்ஞானப் பாடத்தில் படித்தபோதுதான் அத்தனை இரவுகளும் அடுப்படியில் காத்துக்கிடந்ததன் காரணம் விளங்கியது. சோறு வடித்ததும் எங்களுக்கு முதலில் வடிகஞ்சி. உப்புப் போட்டு, தகரக் கோப்பையில், கையைச் சுட்டுக்கொண்டு குடிப்போம். சோற்றுக்குக் கோவாச் சுண்டலோ பருப்போ, சம்பளம் போட்ட வாரமென்றால் கருவாடோ இருக்கும். அப்பாவுக்கு முதலில், பிறகு அண்ணனுக்கு, எங்களுக்கு, அப்பாயிக்கு. அம்மா கடைசி. அவள் தட்டில் போட்டுச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. பானையின் அடியை அகப்பை சுரண்டும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பகல் முழுக்க மலையில் நின்று கூடை நிறைத்தவளுக்குத்தான் சோறு குறைவாக இருந்தது. எங்கள் லயத்தில் எல்லாக் காம்பராவிலும் அதுவே வழக்கம். அதை இப்போதும் என்னால் சமாதானமாக நினைக்க முடியவில்லை.

பிலிப்பைன்ஸில் இஃபுகாவோ மக்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் நடும் படத்தைப் பெரியவனான பிறகு பார்த்தேன். அங்கே வயல்கள் 1,500 மீட்டர் உயரம்வரை ஏறிப்போகின்றன. அந்த நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் மூன்று வேளையும் சோறுதானாம். இராத்திரி மிஞ்சியதைக் காலையில் பூண்டு போட்டு வறுத்துச் சாப்பிடுவார்கள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மலை ஏறியவர்கள் தங்கள் சாப்பாட்டுக்காகச் சரிவை வெட்டினார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மார் வெட்டிய சரிவில் முதலில் கோப்பி, பிறகு தேயிலை. இரண்டும் அடுத்தவர் கோப்பைக்குப் போனவை.

எங்கள் அடுப்படியில், உலையில் போட அரிசி அளந்ததும் அப்பாயி அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் சின்ன மண்பானையில் போடும். அது மாரியம்மனுக்கு. திருவிழா வரும்போது லயத்துக்கு லயம் பிடியரிசிப் பானைகளைக் கொண்டுபோய்க் கோயிலில் கொட்டினால் எல்லோருக்கும் அன்னதானம். எத்தனை குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. வாய் திறந்து சொல்லமாட்டாள்.

1973-இன் பிற்பகுதியில் இலவசக் கூப்பன் அரிசி பாதியாயிற்று. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியிருந்தன; நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மாவுக்கும் தட்டுப்பாடு வந்ததால் ரொட்டியும் போயிற்று. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகத் தடை. பாதையில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். கிராமத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பலா மரம், ஒரு மரவள்ளிப் பாத்தியாவது இருந்தது. எங்களுக்கு லயத்து வாசல்தான் நிலம். 1974-இல் தோட்டங்களில் மரண வீதம் கிடுகிடுவென்று ஏறியது. புள்ளிவிவரமாக அது பின்னால் வந்தது. எங்களுக்கு அது அடிக்கடி கேட்ட சாவு வீட்டுத் தப்புச் சத்தம்.

அந்த மழைக்காலத்தில் மூன்றாம் காம்பராச் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. தாய்க்குச் சாப்பாடு இல்லை, மார்பில் பால் இல்லை. பிள்ளை அழுத அழுகை இடைச்சுவரைத் தாண்டி இரவெல்லாம் கேட்டது. மூன்றாம் நாள் அம்மா ஒன்றும் சொல்லாமல் பிடியரிசிப் பானையைப் பார்த்தாள். அப்பாயியும் பார்த்தது.

"ஆத்தாகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன். நீ ஒலைய வையி."

கை கழுவிவிட்டு வந்து, பானையை முந்தானையில் கவிழ்த்தது. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த அரிசியைப் பெருவிரலால் சுற்றிச் சுற்றி வழித்து எடுத்தது. பிறகு வெறும் பானையை மூலையில் இருந்த இடத்திலேயே வைத்தது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட அந்தக் கஞ்சியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சின்னம்மா சுவரில் சாய்ந்தபடி, ஒரு கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தார். அந்த அரிசி தீரும்வரை தினமும் போயிற்று கஞ்சி.

அந்த வருஷத் திருவிழாவில் அன்னதானம் நடக்கவில்லை. கோயிலுக்கு வந்த பானைகள் எல்லாமே காலி. எந்த வீட்டுக்காரரும் இன்னொரு வீட்டைக் காரணம் கேட்கவில்லை. பூசாரி கற்பூரம் காட்டித் திருநீறு கொடுத்தார்.

அந்தப் பிள்ளை பிழைத்தது. நடக்கத் தொடங்கிய பிறகு சின்னம்மா குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. எங்கள் மக்களைப் பங்கு பிரித்து இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்காக எழுதப்பட்ட 525,000 பேரில் அவர்களும் அடக்கம். எங்களைக் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. நானுஓயா ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் போகிறவர்களைக் கட்டிப்பிடித்து லயமே அழுதது. அப்பாயி மட்டும் அழாமல், வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றை ஜன்னல் வழியாக நீட்டி, கப்பல் ஏறும்வரைக்கும் அதை எப்படிப் பங்கு வைப்பது என்று சொல்லிக்கொண்டே ரயிலோடு நடந்தது.

வெகுநாள் கழித்துக் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை, அரசாங்கத் தோட்டம். ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருந்தார்கள். நான் உரக்க வாசித்தேன். அப்பாயி அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னது. பிறகு பதில் எழுதக் கடதாசி எடுக்கச் சொல்லி, நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தது:

"பச்சரிசியா புழுங்கலான்னு எழுதலையேன்னு கேளு. கல்லு கெடக்கான்னும் கேளு."