விரியனல்லாத விரியன்

தமிழில் விரியன் என்று முடியும் பாம்புப் பெயர்களை எண்ணிப் பார்த்தால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என மூன்று பெயர்கள் உடனே நாவில் வந்துவிடும். இம்மூன்றும் ஒருதாய் மக்கள் என்றே நம்மில் பலரும் எண்ணி வருகிறோம். ஊர்வனவற்றை ஆராய்ந்த அறிஞர் கூறுவதோ வேறு. முன்னிரண்டும் விரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்டுவிரியனோ நல்ல பாம்பு என்று நாம் அழைக்கும் நாகத்தின் நெருங்கிய உறவு.

இதனை எங்ஙனம் கண்டனர்? விரியன்களின் நச்சுப்பற்கள் நீண்டவை. வாயை மூடும்போது பேனாக்கத்தியைப் போல் உள்ளே மடிந்துகொள்பவை. கட்டுவிரியனின் நச்சுப்பற்களோ நாகத்தினுடையவை போலக் குட்டையானவை, மடங்காது நிற்பவை. கண்ணாடி விரியனும் நம் நாட்டுச் சுருட்டை விரியனும் குட்டிகளை ஈனும், கட்டுவிரியன் முட்டையிடும். மரபணு ஆய்வுகளும் இவ்வுறவையே உறுதி செய்துள்ளன.

இந்தத் தெளிவு ஒரே நாளில் வந்ததன்று. 1758-ஆம் ஆண்டில் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ், பாம்புகளை இனம்பிரிக்க அவற்றின் வயிற்றிலும் வாலடியிலும் உள்ள செதில்களை எண்ணினார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், எப்பாம்பு நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று மக்களுக்குத் தெரிவிக்க விரும்பினார். நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் குறித்துக்கொண்டு, சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியன் இன்றும் அறிவியலில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1801-இல் கட்டுவிரியனுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞரோ, அதனைப் 'போலி மலைப்பாம்பு' என்று பொருள்படும் இனத்தில் சேர்த்தார். கற்றோரும் தடுமாறிய இடம் இது! ஆயினும் பின்வந்தோர் மீண்டும் மீண்டும் உற்று நோக்கி அதனை உரிய இடத்தில் வைத்தனர்.

பாம்பின் குலமுறையால் நமக்கென்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் உயிரளவு பெரிது. கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், கடுமையாய் வலிக்கும், குருதி உறையாமல் கசியும். அதுவே விரியன் கடி என்று பழகிய மனம், கட்டுவிரியனிடமும் அந்த அடையாளங்களையே தேடும். அதன் நஞ்சோ நரம்பைத் தாக்குவது. பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரையே அது தீண்டும். வலியும் வீக்கமும் இல்லாமையால் கடிபட்டவர் விழித்தெழாமலும் இருக்கலாம்.

நாம் பணியாற்றிய கிளைப்பங்கு ஒன்றில், வைகறையில் ஓர் உழவரின் வீட்டார் நம்மைச் செபிக்க அழைத்தனர். வயிற்று வலியால் எழுந்தவர் இமைகளைத் தூக்க மாட்டாமல் கிடந்தார். உண்டது செரிக்கவில்லை என்றனர் சிலர். காற்றுக் கருப்பு என்றனர் சிலர். உடலில் காயமெதுவும் தென்படவில்லை. உடன் வந்த உபதேசியார் அவர் முகத்தைக் கூர்ந்து நோக்கிவிட்டு, "சாமி, செபத்தை வண்டியிலே சொல்லலாம், முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். இதே இமைச்சோர்வை அவர் தம் தமையனிடம் கண்டிருந்தார்; அன்று மருத்துவமனைக்குச் செல்ல நேரமாகிவிட்டிருந்தது. உழவர் பல நாள்கள் மூச்சுக் கருவியின் துணையோடு கிடந்து, பிழைத்தெழுந்தார்.

எல்லாரும் இவ்வாறு பிழைப்பதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 58,000 பேர் இறந்திருக்கக் கூடும் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

அறியாமைக்குப் பாம்புகளும் பலியாகின்றன. வீட்டுச் சுவரில் பல்லி தேடி ஏறும் வெள்ளிக்கோல் வரையன் நஞ்சற்றது. அதன் பட்டைகள் முன்னுடலில் தெளிவாயிருந்து பின்னே மங்கும். கட்டுவிரியனின் பட்டைகள் முன்னே மங்கி வால்நோக்கித் தெளியும். இவ்வேறுபாட்டை நின்று பார்ப்பார் யார்? தடி முந்திக்கொள்கிறது. தடியெடுத்தவரே கடிபடுவதும் உண்டு. ஆகவே தொலைவில் நின்று வழிவிடுவதே இருவருக்கும் நலம்.

கடித்த பாம்பை அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் தேவையில்லை. நம் நாட்டு நச்சுமுறி மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகவே செய்யப்படுகிறது. அதற்கான நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் மக்கள். பிடித்த பாம்பைச் சில வாரம் காத்து, நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். கல்விச் சாலைகள் காணாத நுண்ணறிவு அவர்களுடையது. அவர்களை நம் சமூகம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்பது நன்று.

விலங்குகளுக்குப் பெயரிடும் பணியை முதல் மனிதன் பெற்றதாகத் தொடக்க நூல் காட்டுகிறது. அப்பணி இன்னும் முடியவில்லை. பெயரிட்டபின்பும் நின்று நோக்கித் தவறாயின் திருத்துவதும் அப்பணியே. இனி தரையில் படுத்துறங்கிய ஒருவர் காரணம் தெரியாத வயிற்று வலியோடும் சோர்ந்த இமைகளோடும் எழுந்தால், காயத்தைத் தேடிக் காலம் போக்காது வண்டியைத் தேடுவோம்.