தோளில் ஏறும் நட்சத்திரம்

உத்தியோகம் பார்ப்போர் எவர்க்கும் மேலே ஏறும் ஆசை உண்டு. ஆசிரியர் அதிபராக விரும்புவார். எழுதுவினைஞர் பிரதம எழுதுவினைஞராக விரும்புவார். அதனை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால், பொலிசில் இருக்கும் பிள்ளை மேற்பதவி நாடுகின்றான் என்றால், நம் கல்முனைக் கரையோரத்து வீடுகளிலே மகிழ்ச்சிக்கு முன்னர் கலக்கமே வந்து நிற்கின்றது.

நம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் பல்லாண்டுகளாகக் கான்ஸ்டபிளாகக் கடமை புரிகின்றார். உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கான பரீட்சைக்குத் தம்மை ஆயத்தம் செய்யும் பொருட்டு, இரவு வேளைகளிலே சட்டப் புத்தகத்துடன் நம் இல்லம் வருவதுண்டு. சட்டம் நமது துறையன்று. எனினும், அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் அளவுக்கு உதவி வருகின்றோம். முதல் நாளே அவர் முகம் வாடியிருந்தது.

"உம்மா ஓமெண்டு சொல்றாவில்லை, சேர்."

"ஏன் தம்பி?"

"எல்லாம் மாமாட கதைதான்."

அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கிழக்கு மாகாணத்துப் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சூழ்ந்துகொண்டனர். கல்முனை நிலையமும் அவற்றுள் ஒன்று. சரணடையுமாறு மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. அவ்வாறு சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிசார் நூற்றுக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அன்று தம்பியைப் பறிகொடுத்த தமக்கை, இன்று மகனின் தோளில் நட்சத்திரத்தைக் காண அஞ்சுவதில் வியப்பென்ன? கீழே இருந்தால் எவர் கண்ணிலும் படமாட்டான் என்பது அத்தாயின் கணக்கு. அன்று பதவி பார்த்து எவரையும் கொன்றாரில்லை என்று நாம் வாதிட்டிருக்கலாம். பெற்றவளிடம் அப்படி வாதிடுவது முறையன்று.

சம்பளத்துக்காகவா இம்முயற்சி என்று மாணாக்கரை வினவினோம். அதுவும் உண்டு என்று ஒப்புக்கொண்ட பின்னர், தாம் கடமை புரிந்த ஒரு நிலையத்தில் நிகழ்ந்ததைக் கூறினார். மூதாட்டி ஒருவர், மகனின் தோணி எஞ்சின் களவு போனதாக முறையிட வந்தாராம். அவர் தமிழிற் சொன்னார். எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டாமலே பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. எவர்மீதும் சந்தேகமில்லை என்று புத்தகத்தில் இருந்தது; மூதாட்டியோ ஒருவர் பெயரை மூன்று முறை சொல்லியிருந்தார்.

"நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டன், சேர். எழுதினவர் எனக்கு மூத்தவர். நான் வாய் திறக்க ஏலாது."

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவை நாம் இருவரும் அன்றிரவு மீண்டும் வாசித்தோம். வாக்குமூலம் சொன்னவருக்கு அது காட்டப்படவோ வாசிக்கப்படவோ வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிடின், விளங்கும் மொழியிற் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. ஏட்டிலே குறையில்லை. ஆயினும், முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, "இதனை வாசித்துக் காட்டினீரா?" என்று கேட்கும் அதிகாரம் கான்ஸ்டபிளுக்கு இல்லை, மேற்பார்வை செய்பவருக்கே உண்டு. அவர் வேண்டுவது அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் இடத்தை.

இந்த ஏணி எவர்க்கும் இலகுவாயிருந்ததில்லை. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எழுந்த சேவைக்கு, இந்நாட்டவரான சேர் றிச்சட் அலுவிகாரை தலைவராக வந்தது 1947 இலேதான். தமிழரான ருத்ரா ராஜசிங்கம் 1982 முதல் 1985 வரை பொலிஸ் மா அதிபராயிருந்தார். பெண்களின் நிலை இன்னும் கடினம். 2020 இல் பிம்ஷானி ஜாசிங்க ஆரச்சி முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபரானார். மறு ஆண்டே ஆண் அதிகாரிகள் 32 பேர் உயர் நீதிமன்றம் சென்றனர். அப்பதவிக்கான விதியில் பெண் என்ற சொல் இல்லையாம்! இலக்கணம் போதித்தே காலம் கழித்த நாம்கூடச் சொல்லுக்கு இவ்வாறு பொருள் கொண்டதில்லை.

பதவி உயர்வில் அரசியல்வாதியின் கை நுழையாதிருக்க 2001 இல் 17 ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை ஏற்படுத்திற்று. பின்வந்த திருத்தங்கள் அதன் அதிகாரத்தைக் குறைத்தும் மீட்டும் கயிறிழுத்த கதையை வாசகர் அறிவர்.

சென்ற வாரம் அத்தாயே நம் வீட்டுக்கு வந்தார். மனைவி கொடுத்த தேநீரைத் தொடாமல் கேட்டார்:

"மாஸ்டர், இவன் பாஸ் பண்ணினா எங்க போடுவாங்க?"

"அது நம் கையில் இல்லை, தங்கச்சி. எங்கும் போடுவார்கள்."

"கிட்டவா போட்டா எழுதட்டும்."

இடமாற்றத்தை நிர்ணயிப்பவர் மகனும் அல்லர், நாமும் அல்லோம் என்று மறுபடியும் கூற நேர்ந்தது. சற்றுநேரம் இருந்தார். பின்னர், விண்ணப்பத்தின் கடைசித் திகதி எது என்று கேட்டார். இன்னும் நான்கு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மகன் அதனை அனுப்பிவிட்டார்.