கதையை வாங்காதீர்கள், பொருளைப் பாருங்கள்



பழைய நாணயம், முத்திரை, பதக்கம் சேர்க்கிற பழக்கம் எனக்கு இருப்பது ஊரில் பலருக்கும் தெரியும். அதனால் அடிக்கடி யாராவது இன்பொக்ஸில் ஒரு படத்தைப் போட்டு, "சேர், இது ஒரிஜினலா?" என்று கேட்பார்கள். போன கிழமை கேட்டவர் என்னிடம் படித்த தம்பி ஒருவர், இப்போது கட்டாரில் இருக்கிறார். ஜேர்மன் இரும்புச் சிலுவை ஒன்றை, "எம்டன் கப்பல் மாலுமி ஒருவருடையது, அந்தக் காலத்துப் பெட்டியோடு அப்படியே இருக்கிறது" என்று சொல்லி, அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே விலை கேட்டிருக்கிறார்கள். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

முதலில் இந்தப் பதக்கம் என்ன என்று பார்ப்போம். நெப்போலியனுக்கு எதிரான போருக்காக 1813இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் தொடங்கியது இது. பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு பெரிய போரின்போதும் மறுபடி வழங்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் மட்டும் இரண்டாம் வகுப்புச் சிலுவை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். ஆகவே சாதாரண 1914 சிலுவை அரிய பொருளே அல்ல. அதற்குப் பெரிய விலை கேட்டால் உலோகத்துக்குக் கேட்கவில்லை, கதைக்குத்தான் கேட்கிறார்கள்.

இனி, நான் பார்க்கும் முறை.

1. காந்தம். நல்ல சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு. அதை இரு பக்கத்தாலும் அணைத்தபடி இரண்டு வெள்ளிச் சட்டங்கள், ஓரத்தில் பற்றவைத்திருப்பார்கள். நடுப்பகுதியில் காந்தம் ஒட்ட வேண்டும். மலிவான போலிகள் நாகக் கலவையில் ஒரே துண்டாக வார்த்தவை, காந்தம் அசையாது. பித்தளைத் தகடு வைத்த உண்மையான சிலுவைகளும் கொஞ்சம் உண்டு. ஆனால் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. காந்தம் ஒட்டினாலும் அது முதல் படிதான். இரும்பு வைத்தே போலி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

2. ஓரம். பக்கவாட்டில் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு சட்டமும் சேர்ந்த கோடு மெல்லியதாகத் தெரிய வேண்டும். சட்டத்தின் உட்புறம் ஓடும் சின்ன மணி வரிசை கூர்மையாக, ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரிய வேண்டும். அச்சில் அடித்த உலோகம் அப்படித்தான் இருக்கும். மணிகள் ஒன்றோடொன்று கலந்து, இடையிடையே குமிழ் வெடித்த மாதிரிச் சிறு குழிகள் இருந்தால், அது நல்ல சிலுவை ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்தது.

3. துரு. வெள்ளி கறுக்கும், சிவப்பாகத் துருப்பிடிக்காது. சட்டத்தில் செந்துரு இருந்தால் அது வெள்ளியே அல்ல. நடு இரும்பில் துரு வரலாம். அது கறுப்புப் பூச்சின் அடியிலிருந்து கிளம்பி, பூச்சை உப்ப வைத்து உரிக்கும். பூச்சுக்கு மேலே கபில நிறம் பூசிய மாதிரி இருந்தால் யாரோ வயதைச் செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள்.

4. ரிபன். 1914 சிலுவையைப் போர்முனை வீரர்களுக்குக் கறுப்பு ரிபனில் கொடுத்தார்கள், இரு ஓரமும் வெள்ளைக் கோடு. நடுவில் அகலமான சிவப்பு இருந்தால் அது 1939க்குரியது. நம் கடைகளில் நோட்டுப் பார்க்கிற ஊதா வெளிச்சத்தில் பிடித்தால், புதிய நூல் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். ஆனால் பழைய ரிபனைச் சலவைத் தூள் போட்டுக் கழுவியிருந்தாலும் ஒளிரும். ரிபனை யாரும் மாற்றலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

5. முத்திரை. 1914 சிலுவைகள் பலவற்றில் வளையத்தில் செய்தவரின் எழுத்துகள் இருக்கும். இல்லாததும் உண்டு. எழுத்தைப் போலியில் அடிப்பதுதான் மிகச் சுலபம். அதனால் அதைக் கடைசியாகப் பாருங்கள்.

இப்போது எம்டன் கதைக்கு வருவோம். 1914 செப்டெம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்து, இலங்கைக்குப் பக்கத்திலும் கப்பல்களைப் பிடித்து, நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்றது எம்டன். கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றுபவனைத் தமிழில் 'எம்டன்' என்பது அதனால்தான். அதன் ஆட்கள் பலருக்கு இரும்புச் சிலுவை கிடைத்ததும் உண்மை. ஆனால் முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களில் ஓரத்தில் வீரரின் பெயர் பொறித்திருப்பதுபோல இதில் பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. சிலுவையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. தம்பிக்கு வந்த படத்தில் ரிபனின் நடுவே சிவப்பு. 'அப்படியே இருக்கிறது' என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிட்டது. ஓரத்தின் படம் கேட்கச் சொன்னேன், விற்பவர் பிறகு பதிலே போடவில்லை. காசு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மேற்கு ஜேர்மனியில் 1957இல் வந்த சட்டம், இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணிய அனுமதித்தது. அதற்காகச் சட்டப்படி செய்த சிலுவைகளில் நடுவில் ஓக் இலைகள் இருக்கும். அவை போலி அல்ல. போர்க்காலத்தவை என்று விற்றால் அந்தப் பேச்சுத்தான் போலி.

ஸ்வஸ்திகா உள்ளவற்றை நான் வாங்குவதில்லை, வாங்கச் சொல்வதும் இல்லை. அந்தச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது ஜேர்மனியிலேயே குற்றம். நம் பிள்ளைகள் சிலர் ஹிட்லர் படத்தை வீரம் என்று நினைத்து ஸ்டேட்டஸ் வைப்பதைப் பார்க்கிறேன். இலட்சக்கணக்கில் மனிதர்களைக் கொன்ற ஆட்சியின் சின்னம் அது. அந்த மோகம் இருக்கும்வரை அதற்குப் போலி செய்பவர்களுக்கும் பிழைப்பு இருக்கும்.

யாராவது பழைய பதக்கம் வாங்க யோசித்தால், காசு அனுப்ப முதல் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று மூன்று படம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். படம் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.