'கடல் புறா': குணமும் குற்றமும்

சோமனூரில் பிறந்தவர்க்குக் கடல் என்பது ஒரு கேள்விப் பொருளே. கருமத்தம்பட்டிக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், தறியின் ஓசையன்றி வேறு அலையோசை கேட்டு வளர்ந்தவரல்லோம். பாலக்காட்டுக் கணவாயைப் புகைவண்டியில் கடந்து கொச்சி சேர்ந்தாலன்றி நீலத்திரையை யாம் காண்பதற்கில்லை. எனினும் எம்மூர் நூலகத்தில் சாண்டில்யன் இயற்றிய 'கடல் புறா'வின் மூன்று பாகங்களும் ஒருசேர அலமாரியில் இருந்த நாளை யான் கண்டதில்லை. ஒன்று இருப்பின் மற்றிரண்டும் யார் வீட்டிலோ இருக்கும். நிலம் சூழ்ந்த ஊரார் கடற்கொள்ளையர் கதையை இத்துணை விரும்புவானேன்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

1960-களில் 'குமுதம்' வார இதழில் தொடர்கதையாக வெளிவந்து பின்னர் நூலுருப் பெற்றது இந்நாவல். இதன் கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான்; 'கலிங்கத்துப்பரணி' பாடும் அதே படைத்தலைவன். நாவலில் அவனை இளையபல்லவன் என்று ஆசிரியர் அழைக்கின்றார். சோழ மன்னன் வீரராஜேந்திரனின் தூதனாகக் கலிங்க நாட்டுப் பாலூர்த் துறைமுகத்தில் வந்திறங்கும் இவ்விளைஞன், தமிழர்பால் பகைமை கொண்ட அந்நகரிலிருந்து தப்பிச் செல்ல நேர்கின்றது. அகூதா என்னும் சீனக் கடற்கொள்ளைத் தலைவனிடம் கடற்போர் பயில்கின்றான். தானும் கொள்ளைத் தலைவனாகின்றான். புறாவின் வடிவிற் சமைந்த மரக்கலத்தைச் செலுத்தி ஸ்ரீவிஜயப் பேரரசை எதிர்க்கின்றான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியும் அக்ஷயமுனையின் மஞ்சளழகியும் கதாநாயகியர் இருவர். முழுக்கதையை ஈண்டுரைப்பின், இனிமேல் வாசிக்கவிருக்கும் அன்பர்கள் என்னை மன்னியார்.

முதலில் குணத்தைக் கூறுவோம். வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ஒரு செய்தி வருகின்றது. தன் கழலடைந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று, அதனை அவனுக்கே அவன் மீட்டளித்தான் என்பது அச்செய்தி. 1068-ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சி எனச் சரித்திர ஆசிரியர் கொள்வர். யார் சென்றார், எக்கலத்திற் சென்றார், எத்துறையிற் போர் நிகழ்ந்தது என்பனவற்றையெல்லாம் கல்வெட்டு நமக்குச் சொல்வதில்லை. அம்மௌனத்தினுள்ளே புகுந்து மூன்று பாகங்கள் எழுப்பிய துணிவை எவ்வளவு போற்றினும் தகும். கற்பனை சரித்திரத்தை நெருக்கித் தள்ளாமல், சரித்திரம் காலியாக விட்ட மனையிலே வீடு கட்டிக்கொண்டது.

இரண்டாவது குணம், கப்பலை ஆசிரியர் ஓர் உயிர்ப்பொருளாக நடத்தும் திறம். பாய் எப்பொழுது விரிக்கப்படுகின்றது, காற்று எத்திசையினின்று வருகின்றது, பகைவன் கலத்தை எப்பக்கத்தினின்று நெருங்கினால் அவன் திரும்ப இயலாது என்பன போன்ற நுட்பங்களை வாசகன் சலிப்பின்றி உடன் கற்கின்றான். கடலையே காணாத யான், வாசித்து முடித்த சில நாள்வரை எம் வீட்டு மாடியிற் காயும் வேட்டி காற்றில் எப்பக்கம் உப்புகின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல் இதனைச் செய்யுமாயின் அதற்கு உயிருண்டு என்பதில் ஐயமில்லை. அத்தியாய முடிவுகளைப் பற்றியும் ஒரு சொல்: வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்தற்பொருட்டு அமைந்த அத்திடீர்த் திருப்பங்கள், நூலாக ஒரே மூச்சில் வாசிக்கும்போது சற்றே இயந்திரத்தன்மை உடையனவாகத் தோன்றுகின்றன, ஆயினும் விளக்கை அணைக்கவிடாமற் செய்வனவும் அவையே.

மேனாட்டு நாவல்களோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு இன்னும் விளங்கும். ரஃபேல் சபாட்டினி 1922-இல் எழுதிய 'காப்டன் பிளட்' என்னும் நாவலில், குற்றமற்ற மருத்துவன் ஒருவன் அநியாயத் தீர்ப்பினால் அடிமையாக விற்கப்பட்டுப் பின் கடற்கொள்ளைத் தலைவனாகின்றான். நீதி தவறிய அரசு நல்லவனைக் கொள்ளைக்காரனாக்குகின்றது என்பதே அங்கும் இங்கும் கதையின் முதுகெலும்பு. ஆனால் ஸ்டீவன்ஸன் 1883-இல் வெளியிட்ட 'புதையல் தீவு' நூலின் ஒற்றைக்கால் சில்வரை நினைத்துப் பாருங்கள். அவனை விரும்பவும் செய்கின்றோம், அவனுக்கு அஞ்சவும் செய்கின்றோம். மறுகணம் அவன் யாரைக் காட்டிக் கொடுப்பான் என்று நமக்குத் தெரியாது. 'கடல் புறா'வில் இத்தகையான் ஒருவன் இல்லை. அமீரும் கண்டியத்தேவனும் கண்டார் அஞ்சும் கொள்ளையராக வருகின்றனர்; இளையபல்லவனின் தலைமை ஏற்றபின் அவர்தம் நகங்கள் உதிர்ந்துவிடுகின்றன. கொள்ளையர் என்ற பெயரையும் அதற்குரிய கவர்ச்சியையும் ஆசிரியர் எடுத்துக்கொண்டு, கொள்ளையின் கொடுமையைக் கரையிலேயே விட்டுச் செல்கின்றார்.

கதாநாயகனைப் பற்றியும் இதே குறை. எத்துணைப் பெரிய இடுக்கணிலும் அவன் இதழ்க்கடையில் ஒரு புன்முறுவல் அரும்புமாயின், சூழ்ச்சி முன்னரே ஆயத்தமாகிவிட்டது என்று வாசகன் அறிந்துகொள்கின்றான். முதல் பாகத்தில் அப்புன்னகை நமக்கு இன்பந் தருகின்றது. மூன்றாம் பாகத்தில் அச்சத்தைக் கெடுத்துவிடுகின்றது. பெண்பாத்திரங்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. காஞ்சனாதேவி வாள் பிடிக்கவும் அரசியல் எண்ணவும் வல்லவள். அத்தகையாளைப் பக்கம் பக்கமாக அங்க வர்ணனைக்கு உள்ளாக்கி, அவள் அறிவைக் காட்டவேண்டிய இடத்திற் கதாநாயகன் தோளிற் சாய்த்துவிடுவது என்ன நியாயம்? சிருங்காரம் காவியத்துக்கு அணியே. அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் பகைவன் கப்பல் தொடுவானில் தோன்றியபின்னும் வர்ணனை முடிவதில்லையெனில், வாசகன் ஏடுகளைப் புரட்டித் தாண்டுகின்றான். எம் விடுதி நண்பர்களிற் சிலர் அவ்வேடுகளை மட்டும் நிறுத்தி வாசிப்பர் என்பதும் உண்மையே.

சரித்திரக் கணக்கிலும் ஓர் இடறல் உண்டு. வீரராஜேந்திரன் 1070-இல் மறைந்தான். அவ்வாண்டிலேயே நாவலில் அநபாயனாக வரும் குலோத்துங்கன் அரியணை ஏறினான். பரணி பாடும் கலிங்கப் போரோ 1110-ஐ ஒட்டியது. நாவலில் வரும் கருணாகரனுக்கு அக்காலை இருபத்தைந்து வயதெனக் கொண்டாலும், பரணியின் கருணாகரன் எழுபதை நெருங்கிய முதியவனாதல் வேண்டும். முடியாததன்று, குலோத்துங்கனே அப்பொழுது முதியவன்தான். ஆயினும் ஆசிரியர் இதனைச் சிறிதே எண்ணியிருப்பின், முதுமையிற் கலிங்கம் நோக்கித் திரும்பும் பழைய கடலோடியின் உருவம் ஒன்று அவர்க்குக் கிடைத்திருக்கும்.

இக்குறைகளை எல்லாம் யான் பொறுத்துக்கொள்ளக்கூடும். பொறுக்க இயலாத ஒன்றை எனக்குக் காட்டியவர் எம் அப்பாரு. எம் பக்கத்தில் தந்தையின் தந்தையை அவ்வாறே அழைப்போம். அவர் கைத்தறியில் தொடங்கி விசைத்தறியில் முதுமை எய்தியவர்; இப்பொழுது கண்ணொளி குன்றியவர். எம் தந்தையார் கூலிக்கு நெய்பவர். வணிகர் தரும் பாவையும் ஊடையையும் பெற்று, காடாத் துணியாக நெய்து கொடுத்து, அதற்குரிய கூலியால் குடும்பம் நடத்துகின்றார். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலி உயர்வு வேண்டிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறியாளர் தறிகளை நிறுத்தியபோது எம் வீட்டுத் தறிகளும் ஓய்ந்தன. ஓசையற்ற அந்நாள்களில் அப்பாருக்கு உறக்கம் வருவதில்லை. அவர் பொழுது கழியுமாறு 'கடல் புறா'வை உரக்க வாசித்தேன். கப்பலொன்று பிடிபடும் இடம் வந்தது.

"ஏங்கண்ணு, அந்தக் கப்பல்ல என்ன சரக்கு?" என்றார்.

"அது எழுதலீங்க அப்பாரு" என்றேன்.

"சரக்கு இல்லாம எதுக்குக் கண்ணு கப்பல் போகுது?"

யான் விடையின்றி ஏட்டைத் திருப்பினேன். அக்கேள்வி அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை. இந்நாவலிற் கப்பல்கள் வீரத்துக்காகச் செல்கின்றன, காதலுக்காகச் செல்கின்றன, சோழர் கொடிக்காகச் செல்கின்றன. சரக்கு என்பது துரத்தலுக்கு ஒரு காரணமாக மட்டும் வந்து மறைகின்றது. கூலவாணிகன் சேந்தன் ஒருவன் வருகின்றான்; அவனையும் நகைச்சுவைக்கே ஆசிரியர் ஒதுக்கிவிட்டார். அக்காலத்துச் சோழமண்டலக் கரையினின்று கீழைக் கடலுக்குச் சென்ற பொருள்களிற் பருத்தித் துணி தலைமையானது. ஒவ்வொரு கட்டுத் துணிக்கும் பின்னே ஒரு தறியும், அத்தறியின் முன் ஒரு மனிதனும் இருந்திருத்தல் வேண்டும். கொள்ளையன் ஒரு கப்பலைக் கவரும்பொழுது அம்மனிதனின் கூலி நடுக்கடலில் நின்றுபோகின்றது. கடற்கொள்ளையை அழகுறப் பாடும் நூல், அது யாருடைய வயிற்றில் விழும் அடி என்பதை ஒரு வரியிலேனும் கேட்டிருக்கலாகாதா?

ஆசிரியர் தேர்ந்த மாந்தரே இதற்கு வழி காட்டுகின்றனர் என்பது வியப்பு. அநபாயன் அரசனானபின் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். வாணிகத்தின் அருமை அறிந்தவனன்றி வேறு யார் இப்பெயரை விரும்புவர்? 1077-இல் அவன் சீனத்துக்கு அனுப்பிய தூதிற் சென்றவர் 72 பேர். அது வாணிக நோக்குடையதென ஆராய்ச்சியாளர் கருதுவர். ஸ்ரீவிஜயத்தாரும் வெறும் பகைவரல்லர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் அவ்வரசர் எழுப்பியது. அதற்கு இராசராசன் ஊர் அளித்தான். 1025-இல் இராசேந்திரன் அவர்மீது படை செலுத்தினான். 1090-இல் குலோத்துங்கன் அவர் தூதர் வேண்டியவாறு அவ்விகாரத்துக்கு உரிமைகளை உறுதிசெய்தான். கொடுத்தலும் அடித்தலும் மீண்டும் கொடுத்தலுமாகிய இவ்வுறவு, நன்மையும் தீமையும் எதிரெதிர் நிற்கும் நாவலின் போக்கினும் சுவையுடையது. இன்னுமொன்று: 1225-ஆம் ஆண்டளவில் எழுதிய சீன அதிகாரி ஒருவர், தம் துறைமுகத்துக்குள் வாராமற் கடந்து செல்லும் வணிகக் கலங்களை ஸ்ரீவிஜயத்தார் சூழ்ந்து தாக்குவர் என்கின்றார். அரசு செய்யின் சுங்கம், அகூதா செய்யின் கொள்ளை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன என்று கேட்கும் வாய்ப்பு இளையபல்லவனுக்கே அமைந்திருந்தது. அவன் இரு பக்கமும் நின்றவனல்லனோ?

இவ்வளவும் கூறியபின் இந்நூலை வாசிக்கற்க என்று சொல்வேனோ எனின், சொல்லேன். நீலத்திரையின்மேல் தமிழன் ஒருவன் சுக்கான் பிடித்து நின்ற காட்சியை எனக்கு முதன்முதல் காட்டியது இதுவே. பாடப்புத்தகத்தின் கடாரம் எனக்கு ஒரு மதிப்பெண். சாண்டில்யனின் கடாரம் ஒரு துறைமுகம். அங்கு மேலும் என்ன இருந்தது என்று தேடப் புறப்பட்டதும் இந்நூலால்தான்.

அத்தேடலில் ஒரு கல்வெட்டைப் பற்றி வாசித்தேன். நாவலின் அக்ஷயமுனை கிடக்கும் அதே சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில், பாரூஸ் என்னுமிடத்தில், தமிழ் வணிகக் குழுவினராகிய திசையாயிரத்து ஐந்நூற்றுவர் 1088-ஆம் ஆண்டில் நாட்டிய தமிழ்க்கல் அது. வந்து சேரும் மரக்கல நாயகர், கத்தூரி விலையை ஒட்டி வகுத்த கட்டணத்தைப் பொன்னாற் செலுத்திய பின்னரே, விரித்த பாவாடையின்மேற் கால் வைத்து உள்ளே வரலாம் என்று அதனை ஆராய்ந்தோர் வாசித்துள்ளனர். குலோத்துங்கன் ஆண்ட காலத்தது. கருணாகரன் வாழ்ந்த காலத்தது. இதனை அப்பாருக்குச் சொன்னேன். தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தமையால் இருமுறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. அவர் சிறிது நேரம் எண்ணியிருந்து, "அந்தப் பாவாடை எத்தனாம் நம்பர் நூலு கண்ணு?" என்று கேட்டார்.