எம் பாட்டனார் கேட்ட கேள்வி

அஸ்தினாபுரம் என்றவுடன் பாரதக் கதையில் வரும் குருகுலத்து இராஜதானியை நினைப்போர் பலர். நாம் குறிப்பது அதுவன்று. குரோம்பேட்டை இரயிலடிக்குக் கிழக்கே, செம்பாக்கம் ஏரிக்கு அணித்தாயுள்ள எமது ஊரே. அந்த அஸ்தினாபுரத்தில் கண்ணிலா மன்னன் ஒருவன் இருந்தான். இந்த அஸ்தினாபுரத்தில், எம் இல்லத்தில், கண்ணொளி சிறிது சிறிதாய்க் குன்றிவரும் பாட்டனார் ஒருவர் இருக்கின்றார்.

அவருக்குற்றது கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய். கண்ணின் முற்பகுதியில் ஊறும் நீர் செவ்வனே வடியாவிடின் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நலியும். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காப்பதொன்றே வைத்தியம். அவர் நாடோறும் இட்டுக்கொள்ளும் டார்சோலமைடு என்னும் சொட்டு மருந்து, கண்ணில் நீர் ஊறுவதற்குத் துணைபுரியும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைத் தடுத்து, அவ்வூற்றைக் குறைக்கின்றது.

1933-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர்களான மெல்ட்ரம், ரஃப்டன் என்னும் இருவர் இரத்தத்தின் செவ்வணுக்களிலிருந்து இந்நொதியைப் பிரித்துக் காட்டினர். கரியமில வாயுவை நீரோடு கூட்டுவது இதன் தொழில். எம் செவ்வணுக்களில் உள்ள விரைவான வகையின் மூலக்கூறு ஒன்று, ஒரு விநாடியில் ஏறக்குறைய 10 லட்சம் தடவை இத்தொழிலைச் செய்ய வல்லது. இவ்வகையே கல்லூரியில் எமது சோதனைக்கென ஒரு சிறு குப்பியில் வந்திருந்தது. குப்பியின்மேல், "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்க்குப் பயன்படுத்தலாகாது" என்ற பொருள்பட எழுதியிருந்தது.

இதனைக் கேள்வியுற்ற பாட்டனார், "மனித நொதி என்கிறாயே தம்பி, யாருடைய இரத்தத்திலிருந்து எடுத்தது?" என்றார்.

ஒருவர் இரத்தமும் அன்று என்றோம். 1973-இல் கோஹன், பாயர் என்போர் ஓர் உயிரின் மரபுக்கூறு மற்றோர் உயிரினுள் புகுந்து பெருகுமாறு செய்யும் முறையைக் கண்டனர். 1978-இல் அம்முறையால் மனித இன்சுலின் பாக்டீரியாவில் உண்டாயிற்று. பொருளறியாமலே ஏடு பெயர்த்தெழுதுவோனைப் போல, பாக்டீரியாவும் தன்னுள் இட்ட மனித மரபுக்கூற்றைப் படித்து மனித நொதியை ஆக்கித் தருகின்றது.

"அது என் கண்ணுக்கு உதவுமோ?" என்றார் மறுபடியும். "உதவாது, தாத்தா. ஆனால், உங்கள் மருந்து வேலை செய்யும் விதத்தை அதில் பார்த்துச் சொல்கிறோம்" என்று வாக்களித்தோம்.

சோதனை எளியது. புரோமோதைமால் நீலம் கலந்த குளிர்ந்த கரைசலில் கரியமில வாயு நிறைந்த நீரைச் சேர்த்தால், புளிப்பு ஏறி நீலம் மஞ்சளாகும். நொதியின்றி அதற்கு ஒரு நிமிஷத்திற்கு மேலாகும். நொதியிருப்பின் சில விநாடிகளே. டார்சோலமைடின் இனத்ததும், 1954 முதல் கண்ணழுத்தத்திற்கு வழங்கி வருவதுமான அசிட்டசோலமைடு என்னும் மருந்தை நொதியுடன் கூட்டினோம். நிறம் மிக மெதுவாகவே மாறிற்று. அன்று மாலையே பாட்டனாரிடம் ஓடினோம். அவர் அகமகிழ்ந்து அண்டை வீட்டார்க்கும் சொன்னார்.

இரவு படுக்கையில் ஒன்று உறுத்திற்று. மருந்து சேராத நொதியை நாம் தனியே சோதித்திலோம். மறுநாள் சோதித்தால், அதுவும் மெதுவாகவே மாறிற்று! வெள்ளிக்கிழமை நீர்த்து வைத்த நொதியை உறைபெட்டியில் வைக்க மறந்து, திங்கள் வரை மேசைமேல் விட்டிருந்தோம். அது செயலற்றுப் போயிருந்தது. செத்த பாம்பை அடித்துவிட்டு வீரம் பேசினோம்.

இப்போது மனம் வாதாடத் தொடங்கிற்று. நாம் எழுதிய முடிபு நூல்களில் உள்ளதே. அதைப் பொய்யென்பார் யார்? ஏட்டை அப்படியே விட்டாலென்ன? ஆயினும் பாட்டனாரின் மலர்ந்த முகம் நினைவுக்கு வந்தது. அவர் நம்பியது நூலையன்று, எம் கண்ணை. தமது கண் மங்குதலின் எம் கண்ணால் பார்க்க விழைந்தவரிடம், காணாததைக் கண்டதாகச் சொல்லிவிட்டோம்.

ஏட்டில் பிழையை உள்ளவாறே எழுதினோம். வீட்டிலும் உரைத்தோம்.

"அப்படியானால் மருந்து பொய்யா?" என்று கேட்டார்.

"மருந்து மெய்தான், தாத்தா. நாங்கள் பார்த்தோம் என்றதுதான் பொய்."

சற்றே மௌனமாயிருந்து, "சரி, பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார்.

உறைபெட்டியில் எஞ்சிய சிறு பகுதியைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துச் சோதித்தோம். நொதி மட்டும் உள்ள குழாய் கண்ணிமைப்பதுபோல் மஞ்சளாயிற்று. மருந்து சேர்ந்தது நீலமாகவே நெடிது நின்றது. மும்முறை செய்து மும்முறையும் கண்டபின்னரே வீடு திரும்பினோம்.

பாட்டனார் இம்முறை அண்டை வீட்டார் எவரையும் அழைத்திலர். "நீலம் எவ்வளவு நேரம் நின்றது?" என்று மட்டும் கேட்டறிந்து, மருந்துச் சீசாவைத் தடவியெடுத்துத் தலை நிமிர்த்தினார். அன்றைய சொட்டை நாமே இட்டோம்.